சங்கு அளந்த புஷ்

1974 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. காலை ஏழு மணி: சுரங்கத்திலிருந்து ஓட்டப்பிடாரம் வழியாகப் பேருந்தில் புறப்பாடு. ஒன்பது மணி: தூத்துக்குடித் துறைமுகக் கிடங்கு. நோக்கம்: பாறை துளைக்கும் இயந்திரத்துக்குக் கப்பலில் வந்திருக்கும் இரண்டு புஷ்களைப் பெறுதல். காரணம்: தேய்ந்த புஷ்ஷில் சுழன்ற துளைக்கம்பி ஜனவரி 9 அன்று முறிந்து, இயந்திரத்தை இயக்கியவர் இறந்தார். வயது இருபத்தொன்பது. என் மகன்.

புஷ் என்பது தடித்த எஃகு வளையம். கம்பி அதன் நடுவே ஆடாமல் இறங்க வேண்டும். மேலே ஒன்று, கீழே ஒன்று. விபத்துக்குப் பின், முன்பே கழித்துப் போட்ட இரண்டைப் பொருத்தி வைத்திருக்கிறார்கள். புதியவை வந்தாலும் வராவிட்டாலும் நாளைக் காலை ஆறு மணிக்கு இயந்திரம் ஓடும் என்றார் மேலாளர். நான் இயந்திரவியல் கற்பித்தவன். வாதம் பலிக்காது என்று தெரிந்ததும், நானே போய் வாங்கி வருவதாகச் சொன்னேன்.

கிடங்கில் பெட்டியின் மூலை உடைந்திருந்தது. உள்ளே ஒரு புஷ்தான் இருந்தது. சுமை இறக்கும் அந்தோணி தலையைச் சொறிந்தார்.

“அது உங்க சாமானா அண்ணாச்சி? இறக்கும்போது உருண்டு விழுந்துச்சு. சங்கு அளக்குத வளையம்னுல்லா நெனச்சேன்! மச்சானோட வளையம் கடல்ல போயிட்டுன்னு பொலம்பிக்கிட்டு கெடந்தான். அவன்ட்ட குடுத்துட்டேன்.”

இந்தக் கரையில், மூழ்கியெடுத்த சங்கை ஒரு வளையத்துக்குள் விட்டுப் பார்ப்பார்கள். நழுவி விழுந்தால் சிறியது, திரும்பக் கடலுக்கு. நின்றால் விலைக்கு.

சைக்கிள் ரிக்‌ஷாவில் இருவரும் கரைக்குப் போனோம். காற்றில் அழுகிய சங்குச் சதையின் வாடை. மச்சான் லூர்து எங்கள் புஷ்ஷில் சங்கு அளந்துகொண்டிருந்தார். சங்கு குளிப்பவர்கள் சுற்றி நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“குவியல் முடியட்டும்யா. சாயங்காலம் தாரேன்.”

“சுரங்கத்துக்குப் போகும் பேருந்து மூன்று மணிக்கு. அதை விட்டால் பயனில்லை.”

“நடுவுல வளையத்த மாத்துனா இவனுவ சும்மா விடுவானுவளா? இப்பமே என்னைத் திருடன்கானுவ.”

“திருடன்னு யாருவே சொன்னா?” என்றார் முதியவர் ஒருவர். “கை கொஞ்சம் நீளம்னுதான் சொன்னோம்.”

என் மகனின் இயந்திரத்திலிருந்து கழற்றிய பழைய புஷ்ஷைப் பையிலிருந்து எடுத்து மணலில் வைத்தேன். புதியதில் நின்ற சங்கு ஒன்றை லூர்து அதில் விட்டார். விழுந்தது. இன்னும் பெரியதொன்றை விட்டார். அதுவும் விழுந்தது.

“இது வாயப் பொளந்துல்லா கெடக்கு! இதுக்குள்ளயா கம்பி சுத்துச்சு?”

“ஆமாம்.”

“யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?”

“ஒருவர் இறந்தார்,” என்றேன்.

லூர்து முதியவரைப் பார்த்தார்.

“ஏலே, குடுத்து அனுப்பு. மிச்சத்த நாளைக்கு அளப்போம். சங்கு எங்க ஓடப்போவுது?” என்றார் முதியவர்.

லூர்து புஷ்ஷை நன்னீரில் அலசி, வேட்டியில் துடைத்து, இரு கைகளாலும் கொடுத்தார்.

பேருந்தில் அதன் உட்புறத்தை விரலால் தடவிப் பார்த்தேன். கீறல் இல்லை. தூத்துக்குடிக் கரையில் வளையம் மாறினால் சுற்றி நிற்கிற அத்தனை பேரும் கேட்கிறார்கள். எங்கள் சுரங்கத்தில் வளையம் தேய்ந்தபோது கேட்டவன் என் மகன் ஒருவன்தான்.

இன்னும் செய்யாதவை:

ஆறு மணிக்கு முன் இரண்டு புஷ்களையும் பொருத்தச் செய்தல்.

கழித்தவற்றை மறுபடி யாரும் எடுத்து மாட்ட முடியாதபடி உடைக்கச் செய்தல்.

அவன் இடத்துக்கு வந்திருக்கும் இளைஞரின் பெயரைக் கேட்டல்.