பூச்சு அடிக்காத வரிசை

மதியம் ஆனால் கூரைத் தகரம் 'டப் டப்'பென்று வெடிக்கும்; ஒன்பது வயதில் அந்தச் சத்தம் கேட்டாலே நான் வாசலுக்கு ஓடிவிடுவேன். ஓசூரில் அப்பா வேலை பார்த்த தொழிற்சாலை, தன் ஆட்களுக்காகச் சுவரும் கூரையும் தகரத்திலேயே எதிரெதிராக இரண்டு வரிசை வீடுகள் போட்டிருந்தது. "டப்பா லைன்" என்போம். ஒரு கோடையில், வெயில் சூட்டைத் தடுக்கும் புதுப் பூச்சைச் சோதிக்க வந்தவர்கள், எதிர் வரிசைக்கு மட்டும் அதை அடித்து, இரண்டு பக்க வீடுகளிலும் வெப்பமானி மாட்டிவிட்டுப் போனார்கள். எங்கள் வரிசை ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அப்படியே விடப்பட்டது. அதற்கு ஒரு காலிக் கொட்டகை போதாதா, ஆள் குடியிருக்கும் வீடுதான் வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

எதிர்வீட்டு நூர்ஜஹான் அக்கா மதியத்தில் தூங்கினார். எங்கள் வீட்டிலோ, எட்டு மாதத் தம்பி தலையெல்லாம் வேனல் கட்டியோடு அழுதழுது குரல் கம்மிக் கிடந்தான். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போக, அதைப் பார்த்து எங்கள் வரிசைப் பெண்கள் எல்லாருமே எதிர்ப்பக்கம் போகத் தொடங்கினார்கள். அளவெடுக்க வந்த இன்ஜினியர் முகம் சுளித்தார்.

"இத்தனை பேர் உள்ள இருந்தா ரீடிங் தப்பா வரும்மா. அவங்கவங்க வீட்ல இருங்க."

"அப்ப எங்க கூரைக்கும் அடிச்சு உடுங்க சார்" என்றாள் அம்மா.

"அடிச்சுட்டா எதோட ஒப்பிடறது?"

"வீடு குடுத்தவங்கள பகைச்சுக்காத" என்ற அப்பாவின் பேச்சை அம்மா காதில் வாங்கவில்லை. அன்று மாலையே சுண்ணாம்பு வாங்கி ஊறவைத்தாள். மறுநாள் வெயில் ஏறுமுன், அக்கா ஏணியைப் பிடித்துக்கொள்ள, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி, எங்கள் கூரை முழுக்க அடித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்களும் அவரவர் கூரையில் ஏறினார்கள்.

மதியம் வந்த இன்ஜினியர், "ரெண்டு மாச வேலை பாழாப் போச்சு!" என்று வாசலில் நின்று கத்தினார்.

"எம்புள்ள தூங்கறான். மெதுவாப் பேசு" என்றாள் அம்மா.

எல்லாரையும் கிளப்பிவிட்டவள் அம்மாதான் என்று, அந்த வாரமே எங்களைக் காலி செய்யச் சொன்னார்கள். ஏணி பிடித்த குற்றத்துக்கு அக்கா குடும்பத்தையும்.

சென்ற மாதம் அந்தப் பக்கம் போனேன். டப்பா லைன் இல்லை. அங்கே மாம்பழக்கூழ் டின்களை அடுக்கிவைக்கும் பெரிய தகரக் கிடங்கு நிற்கிறது. "கூரை, சுவரு எல்லாத்துக்கும் சூடு தாங்கற பூச்சுங்க. கூழு கெட்டுரக் கூடாதில்ல?" என்று காவலாளி பெருமையாகச் சொன்னார். அவர் மேல் தப்பில்லை என்று தெரிந்தும், என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.