முற்றத்தில் கவிழ்ந்த சிரட்டைகள்

போன ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளே, நீங்கள் ஆசைப்பட்டு வாங்கி வந்த பழைய ஜீப் நம் வீட்டு முற்றத்து வெள்ளை டைல்ஸில் மூன்று சொட்டு எண்ணெய் விட்டது. யாரும் மிதித்துவிடக் கூடாதென்று சின்னவள் ஒவ்வொரு சொட்டின் மேலும் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்தாள். நல்ல எண்ணம்தான். காலையில் அதைப் பார்த்த நான், காப்பிகூடக் குடிக்காமல், மூன்றையும் எட்டி உதைத்தேன். சின்னவளிடம் மன்னிப்புக் கேட்டாயிற்று. ஆனால் ஏன் உதைத்தேன் என்று சொல்லவில்லை. வாயால் சொன்னால் கோபம் வருகிறது, அதனால் எழுதுகிறேன். எட்டாம் கிளாஸோடு நின்றவனின் எழுத்து, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சூடான எஞ்சின் எண்ணெயின் மணம் வந்தால் எனக்குக் கூடவே மரச்சீனி மாவின், அதாவது மரவள்ளிக்கிழங்கு மாவின், மணமும் வரும். அதற்குக் காரணம் உண்டு. முதலில் வழியைச் சொல்லிவிடுகிறேன்.

கேரளத்தில் நிலச்சட்டம் வந்து, பிறர் நிலத்தில் குடிசை போட்டிருந்த குடிகிடப்புக்காரர்களுக்குப் பத்து சென்ட் பதிந்து கொடுத்த காலம். பெருங்கடவிளைக்குப் பக்கத்தில் என் அப்பாவுக்கும் பட்டயம் கிடைத்தது. சட்டம் இடத்தைக் கொடுத்தது. இடத்துக்குப் போகிற வழியைக் கொடுக்கவில்லை. வழி, நிலத்துக்குப் பழைய உடைமைக்காரரான பெரியவீட்டுக்காரரின் முற்றத்தைத் தாண்டித்தான். முற்றம் வரும்போதே அப்பா தோளில் கிடக்கிற துண்டை எடுத்து இடுப்பில் கட்டிவிடுவார். பட்டயம் கைக்கு வந்த பிறகும் கட்டினார். கை பழகிப்போச்சு என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் என் அக்காளின் மாப்பிள்ளை கல்ஃபுக்குப் போய், அங்கிருந்து பணம் அனுப்பி, என்னை ஒரு பழைய ஜீப்பை வாங்கி ஓட்டச் சொன்னார். நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். மழைக்காலத்துச் செம்மண் ஏற்றமெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்குப் பின்னால் இன்னும் ஏழு வீடு. அவர்களுடைய மரச்சீனி சந்தைக்குப் போனதும், வலி வந்த பெண்கள் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அந்த ஜீப்பில்தான். அதற்கு முன் எல்லாம் தலைச்சுமை. பிள்ளைத்தாய்ச்சியைக் கட்டிலோடு சுமந்திருக்கிறோம்.

பெரியவீட்டுக்காரர் வழியை மறிக்கவில்லை. மறித்தால் கேஸாகும் என்று அவருக்குத் தெரியும். ஜீப் எண்ணெய் சிந்துவதைப் பிடித்துக்கொண்டார். முற்றத்தில் விழுந்த ஒவ்வொரு சொட்டின் மேலும் ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைப்பார். காலையில் வண்டியை எடுத்தால் என் முன்னால் வரிசையாகச் சிரட்டை. போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் சிரிப்பு. ஒரு நாள் ஒன்பது இருந்தது.

“எடா, ஓணத்துக்குள்ள இது நிக்கணும். பின்னயும் ஒரு துள்ளி விழுந்தா உனக்க வண்டி கனால் கரை ரோட்டோட நிக்கும். முற்றம் எனக்காக்கும்” என்றார்.

அப்பா பயந்துவிட்டார். “மக்கா, வண்டிய ரோட்டுலயே போட்டுட்டு வா. நமக்கு நடந்தா போராதா?”

“போராது” என்றேன்.

அமரவிளையில் தங்கப்பன் மேஸ்திரியின் ஒர்க்‌ஷாப் என்பது ஒரு அயினி மரத்தின் நிழல்தான். ஒரு மாதம் அவர் உயிரை எடுத்தேன். பின்னால் ஆயில் சீல் மாற்றினால் முன்னால் கசியும். முன்னால் மாற்றினால் மேல்மூடியில் வழியும். எண்ணெய் எங்கே கிளம்புகிறது என்றே தெரியவில்லை. காற்று அடித்து அடித்து அடிப்பக்கம் முழுக்கக் கறுப்பு. அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. எஞ்சினை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவித் துடைத்து, மேலெல்லாம் மரச்சீனி மாவைத் தூவி ஓட்டினால், ஈரம் பட்ட இடம் தானே காட்டிக்கொடுக்குமே! வீட்டில் மாவை அள்ளும்போது அம்மா பார்த்துவிட்டாள்.

“எலே, வண்டிக்குப் புட்டு அவிக்கப் போறியா?”

பாறசாலை வரை போய்த் திரும்பி வந்து பானெட்டைத் திறந்தோம். மாவு எல்லா மூட்டிலும் கறுத்திருந்தது. மேஸ்திரி பீடியை அணைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

“ஒரு எடத்துல கசிஞ்சா சீலு போச்சுண்ணு சொல்லலாம். இது பூராவும் கசியுது. உள்ள மூச்சு முட்டுதாக்கும். எலே, மூச்சுக்குழாய நீ என்னமும் செய்தியா?”

எனக்குச் சட்டென்று ஞாபகம் வந்தது. எங்கள் ஊரில் வண்டி வைத்திருந்த எல்லோரும் அதை மாடு மாதிரி நெய்யாற்றில் இறக்கித்தான் குளிப்பாட்டுவோம். எஞ்சினின் சூட்டு ஆவி வெளியே போக ஒரு குழாய் உண்டு. அதற்குள் ஆற்றுத்தண்ணீர் ஏறாமலிருக்க நான் தேங்காய் நாரைத் திரித்து அடித்து இறுக்கியிருந்தேன். எடுக்க மறந்துபோனேன். மூன்று மாதமாக உள்ளே அடைபட்ட ஆவி, கண்ட கண்ட இடுக்கு வழியாக எண்ணெயைத் தள்ளிக்கொண்டிருந்தது.

மேஸ்திரி நாரைப் பிடுங்கினார். புஸ்ஸென்று ஒரு சத்தம்.

“குளிப்பாட்டப் போயி மூக்கப் பொத்திப்போட்டியே, பாவி! எனக்க முதுகு ஒடிஞ்சது இந்த நாருக்காக்கும்!”

மறுபடி கழுவி, மறுபடி மாவு தூவி, காரக்கோணம் வரை ஓட்டினேன். தூவின மாவு தூவினபடி வெள்ளையாக இருந்தது.

ஓணத்துக்கு முந்தின நாள் காலை, முற்றத்தின் நட்டநடுவில் ஜீப்பை நிறுத்திச் சாவியை மடியில் கட்டிக்கொண்டேன். அங்கே நிறுத்த உனக்கு உரிமை உண்டா என்று கேட்காதீர்கள். அன்றைக்கு நான் யாரையும் கேட்கவில்லை. பெரியவீட்டுக்காரர் கையில் சிரட்டையோடு வந்தார். பின்னாலிருந்த ஏழு வீட்டுக்காரர்களும் ஒவ்வொருவராக வந்து வேலியோரம் நின்றார்கள். அவர் இரண்டு தடவை குனிந்து அடியில் பார்த்தார். வெயில் உச்சிக்கு வந்தது. ஒன்றும் விழவில்லை. சிரட்டையை என்ன செய்வதென்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார்.

அப்போது அப்பா வேலை முடிந்து வந்தார். பழக்கத்தில் கை துண்டுக்குப் போனது. நான் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கை அங்கேயே நின்றது. பிறகு துண்டின் நுனியை இழுத்துத் தோளிலேயே சரியாகப் போட்டுக்கொண்டார்.

“அந்தச் செரட்டைய இஞ்ச தாருங்க. எங்க வீட்டு அடுப்புக்கு ஆவும்.”

பெரியவீட்டுக்காரர் கொடுத்தார். யாரும் சிரிக்கவில்லை.

இப்போது அந்த முற்றம் பஞ்சாயத்து தார்ரோடு. பெரியவீடு இல்லை. ஏழு வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் கல்ஃபில். ஜீப் இரும்புக்கடைக்குப் போய்விட்டது. அப்பாவும் போய்விட்டார், துண்டு தோளில் கிடக்க. உங்கள் ஜீப்பை நானே பார்க்கிறேன். மாவு மட்டும் வாங்கி வாருங்கள். அதுவரை டைல்ஸில் எவ்வளவு வேண்டுமானாலும் சொட்டட்டும். என் முற்றத்தில் எந்தச் சொட்டின் மேலும் எதையும் கவிழ்க்க வேண்டாம்.