மானிய அதிகாரி உட்கார்ந்த நாற்காலி

1956, கார்த்திகை. விழுப்புரத்திலிருந்து காலை ஆறு மணி ரயில். புதுச்சேரிக்கு இருபத்து நாலு மைல். மூன்றாம் வகுப்புக்குப் பத்தணாச் சொச்சம். மடியில் போர்வை சுற்றிய சுவர்க் கடிகாரம். பழைய எல்லையான சின்னபாபுசமுத்திரம் வந்ததும் போர்வையை இன்னும் இழுத்து மூடினேன். பிரெஞ்சுக்காரர் போனதும் சுங்கச் சோதனையை எடுத்துவிட்டார்கள்; என் கைக்குத்தான் அந்த உத்தரவு இன்னும் வந்து சேரவில்லை.

"கொழந்தையா?" என்றாள் எதிரே இருந்த கீரைக்காரி.

"கடிகாரம்மா."

"அதான் அழாம கெடக்குது."

எட்டு மணிக்கு நெல்லித்தோப்பு. வண்டி குலுக்கினால் கடிகாரத்துக்கு ஆகாதென்று ஸ்டேஷனிலிருந்து நடந்தே வந்தேன். தங்கை மங்கையும் அவள் வீட்டுக்காரர் கோவிந்தனும் அங்கே தையல் கடை வைத்திருக்கிறார்கள். இருப்பது ஒரே மெஷின், அதுவும் வாடகைக்கு. தை பிறந்ததும் உடையவர் எடுத்துக்கொள்வார். சிறுதொழில் செய்கிறவர்கள் மெஷின் வாங்கச் சர்க்கார் மானியம் தருகிறது. பார்வையிட அதிகாரி வருகிறார். கிடைக்காவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

பெரிய மனிதர் வருகிறாரே என்று மங்கை தெருவையே திரட்டியிருந்தாள். சவரக்கடை ஆளுயரக் கண்ணாடி, டீக்கடை பெஞ்சு, பிரெஞ்சுப் பட்டாளத்தில் பென்ஷன் வாங்கும் எதிர்வீட்டுக்காரரின் கைவைத்த நாற்காலி. எல்லாம் பதினோரு மணி வரை இரவல். என் பங்குக்குக் கடிகாரத்தை மாட்டி, ரயிலில் நின்றுபோன முள்ளைப் பதற்றத்தில் ஒரு சுற்று கூடவே சுற்றித் திருப்பினேன்.

அதிகாரி ஒன்பதரைக்கு வந்தார், மதராஸ்காரர். நாற்காலியில் சாய்ந்து கடையைச் சுற்றிப் பார்த்தார்.

"இவ்வளவு வசதியா இருக்கீங்க. மானியம் எதுக்கு?"

கோவிந்தன் கழுத்திலிருந்த டேப்பை எடுத்துச் சுருட்டினார். என் கால் வாசல் பக்கம் திரும்பியது. அப்போதுதான் மணி பத்து. நான் கொண்டுவந்த கடிகாரம் பதினொன்று அடித்தது.

எதிர்வீட்டுப் பென்ஷன்காரருக்கு நேரம் என்றால் நேரம். தடியூன்றி வந்து நின்று, பிரெஞ்சு மரியாதையோடு கூப்பிட்டார்.

"மிசியே, எழுந்திருங்க. அது என் நாற்காலி."

அதிகாரி எழுந்தார். பெஞ்சில் உட்காரப் போனவரை டீக்கடைக்காரர், "ஒரு நிமிஷம் சார்" என்று தடுத்து அதைத் தூக்கினார். சவரக்கடைக்காரர் தூக்க, கண்ணாடியும் அதிகாரியின் முகத்தோடு வாசலைத் தாண்டியது.

நடுக்கடையில் நின்றபடி, "மெஷின்?" என்றார்.

"வாடகை சார்."

"உங்களது எது?"

கோவிந்தன் கத்தரிக்கோலைக் காட்டினார்.

"இதை முதல்லியே சொல்லலாமே."

"வூட்டுக்கு வர்றவங்ககிட்ட இல்லாமையையா காட்டுவாங்க?" என்றாள் மங்கை.

அதிகாரி சுவரில் காகிதத்தை வைத்து எழுதினார். "சிபாரிசு பண்றேன். மெஷின் வந்துடும். அதையாவது இரவல் குடுத்துடாதீங்க."

"பக்கத்துல கேட்டா எப்படி சார் இல்லேங்கறது?" என்றார் கோவிந்தன். நான் அவர் காலை மிதித்தேன்.

பிற்பகல் மூன்றரை மணி ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். சர்க்கார் இப்போதுதான் கொடுக்க வந்திருக்கிறது. அந்தத் தெரு வெகுநாளாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மானியம் என்று பெயர் வைக்கத்தான் யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் தெருவும் அப்படித்தான். விழுப்புரத்தில் இறங்கியதும் கடிகாரத்தை அணைத்துக்கொண்டு ஓடினேன். விளக்கு வைப்பதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் சுவரில் அதைத் திரும்ப மாட்டியாக வேண்டும்.