சேவுகனின் கைராசி

காரைக்குடியில் அந்த ஆஸ்பத்திரிக்கு வாசலில் பெரிய பலகை இருந்தது. ஆனாலும் மூட்டுவலி, முடம் என்று வருகிறவர்கள் கேட்பது "சேவுகன் ரூம் எங்குட்டு இருக்கு?" என்றுதான். கயிறு ஓடும் கப்பி, மணல் பைகள், சூடு காட்டும் சிவப்பு விளக்கு, இவ்வளவுதான் அந்த அறையில். கை கால் பயிற்சி கொடுக்கப் பட்டம் வாங்கியவர் மதுரையிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருவார். மற்ற நாளெல்லாம் உதவியாள் சேவுகன் வைத்ததுதான் சட்டம். கைராசிக்காரன் என்று ஊர் சொல்லிச் சொல்லி அவனுக்கும் அது தலைக்கேறியிருந்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து நாலில் வேலைக்குச் சேர்ந்த அன்றே டாக்டர் அழகுசுந்தரம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். ஆளைத் தொடுமுன் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேள். இரத்தக் கொதிப்பு மாத்திரை சாப்பிடுகிறவரைச் சட்டென்று எழுப்பி நிறுத்தாதே, தலை சுற்றி விழுவார். சர்க்கரைக்கு ஊசி போட்டவரை வெறும் வயிற்றோடு பயிற்சி செய்ய விடாதே. வலி மாத்திரை போட்டவருக்கு வலி தெரியாது, அதை நம்பிக் காலை இழுத்துவிடாதே.

"எந்த மாத்திரையையும் சாப்பிடுன்னும் சொல்லாத, நிறுத்துன்னும் சொல்லாத. அது என் வேலை."

சேவுகன் தலையை ஆட்டினான். நாலு வருஷம் ஒழுங்காகவும் இருந்தான்.

அறுபத்தெட்டில் சாக்கோட்டைப் பக்கமிருந்து காளியாயி வந்தாள். நடவு நட்டுத் தேய்ந்த உடம்பு. முழங்காலும் விரல் கணுக்களும் வீங்கிப்போய், மகன் மருதுதான் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தான். சேவுகன் சிவப்பு விளக்கைக் காட்டினான், நீவினான், மெல்ல மடக்கி நீட்டினான். மூன்றே வாரத்தில் அவள் தனியாக பஸ் ஏறி வந்தாள். எட்டு மாதத்தில் முகம்கூட உருண்டு திரண்டு நிறைந்துவிட்டது. அதையும் தன் கணக்கிலேயே வரவு வைத்துக்கொண்டான் சேவுகன். பார்க்கிறவரிடமெல்லாம், "இந்த ஆத்தா எப்படி வந்துச்சு தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவான்.

ஒருநாள் அவள் வெற்றிலை எடுக்கச் சுருக்குப்பையை அவிழ்த்தபோது காகிதப் பொட்டலம் ஒன்று விழுந்தது. உள்ளே பொடிப்பொடியாக வெள்ளை மாத்திரைகள்.

"சந்தையில ஒருத்தரு குடுக்குறாரு தம்பி. எட்டு மாசமா சாப்பிடுறேன். இதுவும் நல்லாத்தான் கேக்குது."

அந்த 'இதுவும்' அவனுக்குச் சுருக்கென்றது. எட்டு மாதம் அமுக்கியது இந்தக் கை, பேர் சந்தைக்காரனுக்கா? முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வியைத் தான் கேட்கவே இல்லை என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. பொட்டலத்தைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் எறிந்தான்.

"இனி இதைத் தொடாதீக ஆத்தா. ஏங் கை போதும்."

ஐந்தாம் நாள் மருது அவளை மாட்டுவண்டியில் கொண்டுவந்து இறக்கினான். வாந்தி, காய்ச்சல், கூப்பிட்டால் பேச்சில்லை. நாடி பிடித்த டாக்டரின் முகம் மாறியது.

"என்ன மருந்து சாப்பிட்டாங்க?"

"தெரியலைங்கய்யா" என்று மருது அழுதான்.

சேவுகன் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அவள் போய்விடுவாள்.

"வெள்ளை மாத்திரைங்கய்யா. எட்டு மாசமா. அஞ்சு நாளா நிறுத்திருச்சு" என்றான்.

யார் நிறுத்தியது என்பதை மட்டும் விழுங்கிக்கொண்டான்.

டாக்டர் ஊசியும் குளுக்கோஸும் ஏற்றினார். இரண்டு நாளில் காளியாயி கண் விழித்துக் கஞ்சி கேட்டாள். அந்த மாத்திரை மூட்டு வீக்கத்தை அமுக்கும், முகத்தை ஊத வைக்கும், உடம்பு தானாகச் சுரக்கும் அதே சத்தையும் தூங்க வைத்துவிடும், சட்டென்று நிறுத்தினால் ஆளையே சாய்த்துவிடும், அதனால்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்று டாக்டர் எல்லோருக்கும் விளக்கினார். அத்தனை பேர் முன்னால் சேவுகன் தோளைத் தட்டி, "நீ கவனிச்சு வச்சிருந்ததாலதான் பிழைச்சாங்க" என்றார். செருப்பால் அடித்திருந்தால்கூட அப்படிக் கூசியிருக்காது.

பிறகு காளியாயி பக்கம் திரும்பினார். "யாரு நிறுத்தச் சொன்னா?"

அவள் சேவுகனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"ஒருத்தரும் சொல்லலை சாமி. நானாத்தான் நிறுத்துனேன்."

"படிக்காத சனம்" என்று டாக்டர் திட்டினார். அந்தத் திட்டையும் அவள் வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் ஆள் இல்லாத நேரம் பார்த்து, ஏன் அப்படிச் சொன்னாள் என்று கேட்டான்.

"ஒங்களை வேலையை விட்டு அனுப்பிட்டா யாரு எனக்குக் காலு அமுக்குவா? பேசாம அமுக்குங்க."

அமுக்கினான்.

அதற்குப்பின் யார் வந்தாலும் சுருக்குப்பையைக் கொட்டிக் காட்டச் சொல்லாமல் சேவுகன் அவர்களைத் தொட்டதில்லை. மாத்திரையைக் கண்டால் நேரே டாக்டரிடம் அனுப்புவான். டாக்டருக்கு அதில் பெருமை. நடந்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று பல தடவை அவர் அறை வாசல் வரை போய், பல தடவை திரும்பினான். எழுபத்து மூன்றில் அவர் ஊரைவிட்டே போனார். வழியனுப்ப மாலையோடு போனவன், அன்றும் மாலையை மட்டும் போட்டுவிட்டு வந்தான்.

காளியாயி மட்டும் பஸ் ஏறி வருவதை நிறுத்தவில்லை. வரும்போதெல்லாம் வலிக்காரர் ஒருவரைக் கூட்டி வருவாள். வாசலிலேயே அவள் குரல் கேட்கும்.

"செத்துக்கெடந்தவளைப் பிழைக்க வச்ச கைராசிக்காரரு. நம்பி உள்ள போங்க."

சேவுகன் கையைத் துடைத்துக்கொண்டு, குனிந்த தலையோடு முதல் கேள்வியைக் கேட்பான்: "என்ன மாத்திரை சாப்பிடுறீக?"