‘மாட்டேன்’ இசைத்தட்டில் ஒரு கதவு

என் அத்தையை வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சங்கு என்றுதான் கூப்பிடுவார்கள். ஆலையில் வேலை விடும்போது ஊதுமே, அந்தச் சங்கு. அடுத்த தெருவில் இருப்பவரை அத்தை கூப்பிட்டால் அதற்கும் அடுத்த தெருக்காரர் திரும்பிப் பார்ப்பார். மெதுவாகப் பேசு என்று அவளுக்குப் புத்தி சொல்லாத உறவினர் கிடையாது. மெதுவாகப் பேசி இவர்களெல்லாம் எந்தக் கோட்டையைப் பிடித்தார்கள் என்று நான் கேட்டால், வாய்க்கொழுப்பு, அத்தையைக் கொண்டு பிறந்திருக்கிறது என்பார்கள். அதை நான் பாராட்டாகவே எடுத்துக்கொள்வேன்.

அந்தக் குரலை வைத்துக்கொண்டு அத்தை இளம் வயதில் ஒரு இசைக்குழுவில் பாடினாள். பாடினாள் என்பதைவிடக் கத்தினாள் என்பதே சரி. ஹார்ட்கோர் பங்க் என்று அதற்குப் பெயர். மூச்சு வாங்க நேரமில்லாத வேகம், தொடங்கிய சூட்டிலேயே முடிந்துவிடும் பாட்டு, காது கிழியும் கிடார். சைக்கிள் கடைக்காரர் ஒருவர், பேருந்து நடத்துனர் ஒருவர், அச்சகத்தில் தாள் வெட்டும் பெண் ஒருத்தி, அத்தை. நால்வரும் சேர்ந்து போட்ட ஒரே இசைத்தட்டுதான் ‘மாட்டேன்’. வாடகையை ஏற்றிய வீட்டுக்காரர் மேல் ஒரு பாட்டு, கழிப்பறைக்குப் போனாலும் கடிகாரத்தைப் பார்க்கும் மேஸ்திரி மேல் ஒரு பாட்டு, சிரிக்கச் சொல்லும் ஆண்கள் மேல் ஒரு பாட்டு. மெத்தைக் கடைக்குப் பின்னால் ஒரு கிடங்கில், மின்விசிறிக் கொக்கியில் மைக்கைத் தொங்கவிட்டு, இரவல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் ஒரே மத்தியானத்தில் பதிவு செய்தார்கள். சத்தம் வெளியே போகக் கூடாதென்று சுவரெல்லாம் மெத்தையைச் சாத்தி வைத்தார்கள். சத்தம் போகத்தான் செய்தது.

போய்ச் சேர்ந்த இடம் என் அப்பாவின் காது. அப்பா அத்தைக்கு அண்ணன். தான் வேலை பார்த்த அலுவலகத்தில் மேலாளரின் கையைக் காலைப் பிடித்துத் தங்கைக்கு ஒரு தட்டச்சு வேலை வாங்கியிருந்தார். அன்றுதான் அவள் சேர வேண்டிய நாள். நாற்காலி காலியாகக் கிடந்தது. மேலாளர் நாலு பேருக்கு முன்னால் ஏதோ சொல்ல, அப்பாவின் மானம் கப்பலேறியது. தங்கை எங்கே இருப்பாள் என்று தெரிந்து, நேராகக் கிடங்குக்கு வந்து கதவைத் தட்டினார். உள்ளே கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் திறக்கவில்லை. அவரும் விடவில்லை. தட்டியது அப்படியே பதிவாகிவிட்டது. மறுபடி பதிவு செய்ய நேரமில்லை, கருவியைச் சாயந்திரத்துக்குள் திருப்பித் தர வேண்டும். எனவே அந்தப் பாட்டில் முரசோடு சேர்ந்து ஒரு கதவும் அதிர்கிறது. பாட்டு பாதியைத் தாண்டும்போது தட்டும் சத்தம் நின்றுவிடுகிறது.

தட்டு விற்கவில்லை. குழுவும் ஆளுக்கொரு திசையில் போனது. அத்தை ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள். ஈரப் படுக்கை விரிப்பின் இரண்டு முனையை இருவர் பிடித்துச் சூடான உருளைக்குள் விட வேண்டும். மறுபக்கம் அது மொடமொடவென்று வெளியே வரும். விரிப்புகளுக்குள் கத்தரிக்கோல் வரும், பல்செட் வரும், ஒருமுறை யாரோ ஒளித்து வைத்த சிகரெட் பெட்டிகூட வந்தது. கை உள்ளே போய்விடாமல் காக்கும் உருளையின் தடுப்புக் கம்பி உடைந்தபோது, பரவாயில்லை ஓட்டு என்றார் மேற்பார்வையாளர். அத்தை பொத்தானை அமுக்கி இயந்திரத்தை நிறுத்திவிட்டு, அதன் முன்னாலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டாள். மேலே அறுவைப் பிரிவில் விரிப்பு தீர்ந்ததும்தான் கம்பி வந்தது. உட்கார்ந்து சம்பாதித்திருக்கலாமே என்று உறவினர்கள் உச்சுக் கொட்டுவார்கள். இங்கே கத்தினால்தான் பக்கத்தில் இருப்பவளுக்கே கேட்கும், இதைவிட எனக்கு என்ன வேலை வேண்டும் என்பாள் அத்தை.

தட்டு மட்டும் சாகவில்லை. நகலுக்கு நகல் எடுத்து எங்கெங்கோ போனது. பாட்டு வெளியானபோது பிறந்தேயிராத பிள்ளைகள் அதன் வரிகளைச் சட்டையில் அச்சடித்துப் போட்டுக்கொள்கிறார்கள். அதே மருத்துவமனையில் ஆம்புலன்ஸ் ஓட்டும் பெண் ஒருத்தி, அந்தக் குரல் கீழே சலவைக்கூடத்தில் இருக்கிறது என்று தெரிந்து ஒருநாள் இறங்கி வந்தாள். வேலை முடிந்ததும் சைரனை அணைத்துவிட்டு இந்தத் தட்டின் நகலைப் போட்டுக்கொண்டுதான் வீட்டுக்குப் போவாளாம். பகலெல்லாம் சரி சரி என்று தலையாட்டியதற்கு அது ஒன்றுதான் மருந்து என்றாள். புதுக் குழுக்கள் கடைசிப் பாட்டை மேடையில் பாடும்போது, கதவு வரும் இடத்தில் கூட்டம் மொத்தமும் சுவரையும் தரையையும் தட்டுகிறது. வாடகையும் மேஸ்திரியும் மாறினால் அல்லவா இந்தப் பாட்டுகள் பழசாகும்?

ஒரு நிறுவனம் அதை மீண்டும் வெளியிட முன்வந்தது. அதையொட்டி வானொலியில் அத்தையைப் பேட்டி கண்டார்கள். கதவைத் தட்டியது யார் என்று கேட்டார்கள். எங்க அண்ணன்தான் என்று போட்டு உடைத்துவிட்டாள். அன்றோடு அப்பாவின் நிம்மதி போயிற்று. முடிவெட்டப் போனால் கடைக்காரர் மேசையைத் தட்டிச் சிரிக்கிறார். பக்கத்து வீட்டுப் பெண் அவரோடு சேர்ந்து படம் எடுத்துக்கொள்கிறாள். அந்த ஒரு நாளைத் தவிர ஓய்வு பெறும்வரை ஒரு சுடுசொல் கேட்காமல் வேலை பார்த்த மனிதர் வெளியே போவதையே குறைத்துக்கொண்டார்.

புதுப் பதிப்பின் மாதிரி வந்தது. சலவைக்கூடத்து ஓய்வறையில் அத்தையும் நானும் கேட்டோம். கடைசிப் பாட்டில் கதவு இல்லை. சுத்தமாகத் துடைத்து எடுத்திருந்தார்கள். அத்தையின் முகம் போன போக்கு எனக்குப் பிடிக்கவில்லை. வீட்டில் ஏதோ களவு போனது போல உட்கார்ந்திருந்தாள். நிறுவனத்து ஆளைக் கூப்பிட்டுக் கேட்டேன். உங்கள் அப்பாதான் மன்றாடிக் கேட்டார், குடும்பமே ஒப்புக்கொண்டதாக நினைத்தேன் என்றார். கதவைத் திருப்பி வைக்காவிட்டால் தட்டே வேண்டாம் என்று அத்தை அவரிடம் சொல்லிவிட்டாள். அதைக் கேள்விப்பட்ட அப்பா, வாழ்க்கையில் முதல்முறையாகச் சலவைக்கூடத்துக்கு வந்தார்.

உருளை ஓடிக்கொண்டிருந்தது. அத்தை கையில் விரிப்போடு நின்றாள். அப்பா ஏதோ சொன்னார். கேட்கவில்லை. மறுபடி சொன்னார். கேட்கவில்லை. கடைசியில் அவரும் கத்த வேண்டியதாயிற்று.

“அன்னிக்கு நான் உனக்கு ஒரு நாற்காலி வாங்கித் தரத்தான் வந்தேன். ஊரெல்லாம் என்னை வில்லனாக்கிட்டே. என்னை அதுலேருந்து எடுத்துடு.”

கூடமே திரும்பிப் பார்த்தது. அத்தை இயந்திரத்தை நிறுத்தினாள்.

“எடுக்க மாட்டேன்ணே. அந்தச் சத்தம் இல்லைன்னா நாங்க யாரைப் பார்த்துக் கத்தறோம்? சும்மா தொண்டை வலிக்கக் கத்தற மாதிரி இருக்கும். நீ தட்டினே, நாங்க திறக்கல. அதுதான் பாட்டு.”

அத்தை விரிப்பைக் கீழே வைத்தாள்.

“ஆனா பாதியில நின்னுட்டியே, ஏன்? அந்தத் தாழ்ப்பாள் ஒண்ணும் கெட்டி இல்ல. ஒரு உதை விட்டிருந்தா திறந்திருக்கும்.”

“கை வலிச்சுது,” என்றார் அப்பா.

அத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“கத்தறது நீதான்னு கேட்டுச்சு,” என்றார் அவர், இப்போது மெதுவாக. “நம்ம வீட்டுல நீ அவ்வளவு சந்தோஷமா ஒரு வார்த்தை பேசினதில்ல. அதுக்கப்புறம் எப்படி உடைக்கறது? வெளியே ஒரு மெத்தை மேல உக்காந்துட்டேன்.”

அத்தை பொத்தானை அமுக்கிவிட்டாள், இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது.

தட்டு கதவோடுதான் வெளிவந்தது. உறையின் பின்பக்கத்தில் குரல், கிடார், பேஸ், முரசு என்று வரிசையாகப் போட்டு, அவற்றுக்குக் கீழே அதே அளவு எழுத்தில் இன்னொரு வரி இருந்தது: கதவு — எங்கள் அண்ணன்.

அப்பா அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார், கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு என்னிடம் தட்டைப் போடச் சொன்னார். சத்தத்தைக் கூட்டச் சொன்னார். இன்னும் கூட்டச் சொன்னார். கடைசிப் பாட்டில் அவர் தட்டி ஓய்ந்த பிறகும் தட்டும் சத்தம் கேட்டது. இந்தத் தடவை எங்கள் வாசல் கதவு. மாடி வீட்டுக்காரர். நான் எழுந்தேன்.

“உக்காரு,” என்றார் அப்பா. “பாட்டு முடியட்டும்.”