சிவப்பு நூல் பாட்டைக் கட்டியவர்

பாய்க்காரியைத் துறைமுகத்தில் தெரியாதவர் கிடையாது. கப்பல் பாய்களைத் தைக்கும் கூடத்தில் பதினெட்டு வருஷமாக ஊசி பிடித்தவள். அவள் வாயைத் திறந்தால் மேஸ்திரியே இரண்டடி தள்ளி நிற்பார். புருஷன் கப்பலேறிப் போய் ஆறு வருஷம். கடிதமும் இல்லை, தகவலும் இல்லை. "அவனைத் தலைமுழுகிட்டு வேற வேலையைப் பாரு" என்று சொன்ன நாத்தனாரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஒரு நாள் காலை பாய்க்கு அளவெடுக்கக் கப்பலுக்குப் போனாள். நங்கூரம் இழுக்கிறவர்களின் பாட்டு காதில் விழுந்தது. அவளுக்குப் பழக்கமான பாட்டுதான். நடுவில் மட்டும் புதிதாக இரண்டு அடி:

"சட்டைக்கு உள்ளே இன்னொரு பை, ஐலசா!
சிவப்பு நூலால் தைச்ச பை, ஐலசா!"

அந்தப் பையைத் தைத்தவளே அவள்தான். குனிந்தால் போதும், அவள் புருஷன் எதையாவது தண்ணீரில் போட்டுவிட்டு வந்து நிற்பான். அதற்காக அவன் சட்டைக்கு உள்பக்கம் தைத்துக் கொடுத்தது. வெளியே ஓர் ஈ காக்காய்க்குத் தெரியாது. அப்படியானால் பாட்டைக் கட்டியவன் அவன்தான்! எங்கேயோ உயிரோடு இருந்துகொண்டு பாடுகிறான், படுபாவி!

யாரிடம் கற்றீர்கள் என்று கப்பல் சமையல்காரனைப் பிடித்து உலுக்கினாள். "நான் முன்னே இருந்த கப்பல்ல, சுக்கான் பிடிக்கிற சுக்கானி பாடினாரு அக்கா" என்றான். சுக்கானியின் கப்பல் வர நான்கு மாதம் காத்திருந்தாள். அவர் தயங்கித் தயங்கி, "அதைக் கட்டின ஆளு மாலுமி விடுதியில இருக்காரும்மா. அவரையே கேட்டுக்கோ" என்றார்.

மறுநாளே நல்ல துணியாக உடுத்திக்கொண்டு கிளம்பினாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டுவிட்டு, அப்புறம்தான் அவனைக் கட்டிக்கொண்டு அழுவது என்று முடிவு.

விடுதியின் கடைசிக் கட்டிலில் யாரோ ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார்.

"சிவப்பு நூல் பாட்டைக் கட்டினவர் எங்கய்யா?"

"நான்தாம்மா. நீ யாரு?"

"அந்தப் பையைத் தைச்சவ."

கிழவர் கட்டிலில் நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்.

"காய்ச்சல்மா. கிளம்பின நாலாவது வாரம். கடல்ல விடறதுக்காக உடம்பைப் பாய்த்துணியில சுத்தும்போதுதான் அந்தப் பையைப் பார்த்தேன். கடலோட போனவனுக்குப் பாட்டுல ரெண்டு அடி சேர்ப்போம். அது எங்க வழக்கம். வீட்டுக்குக் கப்பல் முதலாளி ஆள் அனுப்பிச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சோம். ஏம்மா, பாட்டைக் கேட்டதுமே உனக்குப் புரியலையா? கப்பல்ல இருக்கற அத்தனை பேருக்கும் தெரியுமே."

"நான் கரையில தைக்கிறவதானேய்யா, எனக்கு யாரு சொன்னா?"

யாரைத் திட்டுவது என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

"நாலு மாசமா அதைப் பாடிக்கிட்டேதான் தைச்சேன். வாய் நிறைய, சந்தோஷமா பாடினேன். கூடத்துக்கு வந்த மாலுமிங்க எல்லாம் அதைக் கேட்டு தொப்பியைக் கழட்டிட்டு நின்னாங்க. என் குரல் அவ்வளவு நல்லா இருக்குதுன்னு நெனச்சேன்யா."