வால் வைக்காத யானை

எங்கள் வகுப்பறை பீரோவில், பச்சை ரப்பர் உறை போட்ட டேப்லெட் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. அதில் ஒரு யானைப் புதிர் உண்டு. துண்டு துண்டாக இழுத்து வைத்து யானையை முழுதாக்க வேண்டும். ஆமத்தூரில் நான் நடத்தும் மழலை வகுப்புக்கு அதைக் கொண்டுவந்து தந்தவர் என் மதினி. அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே எனக்கு அவர்மேல் கொள்ளைப் பிரியம். அண்ணனிடம் சொல்லாததைக்கூட அவரிடம் சொல்லுவேன்.

விருதுநகரில், சின்னப் பிள்ளைகளுக்கான புதிர் ஆப் செய்யும் கம்பெனியில் மதினிக்கு வேலை. ஆப் வெளியே வருமுன் பிள்ளைகள் அதை எப்படி விளையாடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. நானும் பெரிய நிபுணர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்காருவேன். படம் விரலுக்குள் அடங்குகிறதா, எந்த இடத்தில் கொட்டாவி வருகிறது என்றெல்லாம் கவனிப்பேன். யானையில்தான் குழம்பிப்போனேன். தும்பிக்கை, காது, கால் எல்லாவற்றையும் மளமளவென்று வைக்கிற பிள்ளைகள், ஒரு தடவை முடித்துப் பார்த்த பிறகு, கடைசித் துண்டான வாலை மட்டும் தொடவே மாட்டார்கள். இவர்களுக்கு முடிக்கத் தெரியவில்லை என்று ஆப் தானாகவே மார்க்கைக் குறைத்துக்கொண்டது.

ஒரு பாப்பாதான் வாய்விட்டுச் சொன்னாள்: "வால வச்சா வெடிக்கும் டீச்சர்."

யானையை முடித்தால் திரையில் வாணவேடிக்கை விரியும், டமாரென்று சத்தம் வரும். அது பரிசாம். எங்கள் பக்கம் வேலைநாளில் அப்படியொரு சத்தம் கேட்டால் அடுப்பில் இருப்பதை அப்படியே போட்டுவிட்டுத் தெருவே வெளியில் வந்து நிற்கும். எந்தத் திசையில் புகை என்று பார்ப்பார்கள். பட்டாசு ஆலை வேன் வந்து ஆட்கள் இறங்கும்வரை யாரும் வீட்டுக்குள் போக மாட்டார்கள். பாப்பாவின் அம்மா நாரணாபுரத்துப் பக்கம் ஓர் ஆலையில் வெடிக்குத் திரி வைக்கிறவர்.

மதினியிடம் சொன்னேன். அவரும் நாரணாபுரத்துப் பெண்தான். சின்ன வயதில் தன் அப்பாவைத் தேடி ஆலை வாசலுக்குச் செருப்பில்லாமல் ஓடியதை அவரே எனக்குச் சொல்லியிருக்கிறார். கேட்டதும் கண் கலங்கிவிட்டது. "எனக்குத் தெரியாதாடி அந்தச் சத்தம்? எடுத்துரச் சொல்லுதேன்" என்றார்.

சில வாரங்கள் கழித்து, விளம்பரம் எடுக்கக் கேமராக்காரரோடு வந்தார். "எல்லாம் மாத்தியாச்சு. நீ சொன்னாத்தான் அந்தப் பிள்ள வைக்கும், ஒரு வார்த்த சொல்லு" என்றார். பாப்பாவை மடியில் இருத்தி, "இனிமே வெடிக்காது, வை தங்கம்" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு வாலை வைத்தாள். முன்னைவிடப் பெரிதாக வெடித்தது. மடியிலிருந்து வழுக்கி இறங்கியவள், "அம்மா" என்று கதறிக்கொண்டு ரோட்டுக்கே ஓடிவிட்டாள்.

"மேல உள்ளவுக ஒத்துக்கிடல. வெடி இருந்தாத்தான் ஆப் ஓடுமாம். முன்னமே சொல்லியிருந்தா நீ வைக்கச் சொல்லியிருக்க மாட்ட" என்றார் மதினி அன்று சாயங்காலம். கம்பெனி மட்டும் செய்திருந்தால் இரண்டு நாள் திட்டிவிட்டு மறந்திருப்பேன். அந்தச் சத்தம் என்னவென்று தெரிந்தவர் செய்தார். அதற்கு என் வாயை வாங்கிப் பயன்படுத்திக்கொண்டார். அதுதான் இன்னும் ஆறவில்லை. விளம்பரத்தில் பாப்பா ஓடுவது வருகிறது. அழுகைச் சத்தத்தை எடுத்துவிட்டுப் பாட்டுப் போட்டு, கீழே 'குதூகலம்' என்று எழுதியிருக்கிறார்கள்.

நேற்றுகூட மதினி போன் செய்தார், "புது ஆப் வந்திருக்கு, பாக்கியா?" என்று. போனை வைத்துவிட்டேன்.

டேப்லெட்டைப் பூட்டிய பிறகு, மரத்தில் செய்த யானைப் புதிர் ஒன்று வாங்கிப் போட்டேன். மரக்கட்டையில் என்ன பயம் என்று நினைத்திருந்தேன். இன்று காலை பாப்பா தும்பிக்கை, காது, கால் எல்லாம் மளமளவென்று வைத்தாள். வாலை மட்டும் எடுத்து என் கையில் தந்தாள்.

"இது வெடிக்காது தங்கம்" என்றேன்.

"அன்னைக்கும் இப்படித்தான சொன்னீக டீச்சர்" என்று சொல்லிவிட்டு, இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.